நாலு லெஃப்ட்

என் பேத்தி மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், ஷூவைக்கூடக் கழற்றாமல் கணக்கு நோட்டை என் மடியில் கொண்டுவந்து போட்டாள். ஒரு கணக்கின் மேல் சிவப்பு மையில் பெரிதாக ஒரு தப்புக் குறி. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது.

கணக்கு இதுதான். "தேர் வேர் டென் பேர்ட்ஸ் ஆன் எ ட்ரீ. ஃபோர் லெஃப்ட். ஹவ் மெனி ஆர் லெஃப்ட்?" அதற்கு அவள் எழுதியிருந்த விடை, 4.

"ஃபோர் லெஃப்ட்னு அவங்களே சொல்லிட்டாங்க தாத்தா. அப்புறம் ஹவ் மெனி லெஃப்ட்னு அவங்களே கேக்கறாங்க. நாலுதானே?"

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தேன். எங்கள் வீட்டில் பிஸ்கெட் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு அவள் சொல்வது "டூ லெஃப்ட்". அதாவது இரண்டு பாக்கி இருக்கிறது. அவளுக்குத் தெரிந்த லெஃப்ட் அதுதான். நான் அதே கணக்கைத் தமிழில் கேட்டேன். "மரத்துல பத்துக் குருவி. நாலு பறந்து போயிடுச்சு. பாக்கி எத்தனை?" அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஆறு. இதெல்லாம் ஒண்ணாம் கிளாஸ் கணக்கு தாத்தா."

ஆக, அவளுக்குக் கணக்கு தெரியும். இங்கிலீஷும் ஓரளவு தெரியும். அந்தத் தப்புக் குறி எதற்குப் போடப்பட்டது என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

"ஃபோர் லெஃப்ட்" என்றால் நாலு போய்விட்டது. "ஃபோர் ஆர் லெஃப்ட்" என்றால் நாலு மிச்சம் இருக்கிறது. நடுவில் ஒரு "ஆர்" வருகிறதா இல்லையா என்பதில் ஒரு பொருள் அதற்கு நேர் எதிர்ப்பொருளாகிவிடுகிறது. போனதும் லெஃப்ட், இருப்பதும் லெஃப்ட். போதாக்குறைக்கு இடது கையும் லெஃப்ட். (அந்த இடது மட்டும் வேறு வேரிலிருந்து வந்தது. பழைய ஆங்கிலத்தில் அதற்கு "பலவீனமான" என்று பொருளாம். இடக்கைக்காரர்கள் மன்னிக்கவும்.) எட்டு வயதுக் குழந்தை இதில் தடுக்கி விழுந்தால் அது பிள்ளையின் குற்றமா, பள்ளத்தைத் தோண்டி வைத்தவர் குற்றமா?

இதைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். ஏனென்றால் இதே சொல்லில் நானும் விழுந்திருக்கிறேன். அப்போது எனக்கு எட்டு வயது இல்லை, இருபத்து நாலு.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். என் வயதுப் புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, இளையவர்களுக்காகச் சொல்கிறேன். 1954 நவம்பர் முதல் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-ல் தான் நடந்தது. ஆட்சி மாறினாலும் பிரெஞ்சுப் பள்ளிகள் இருந்தன. காரைக்காலில் துணிக்கடை வைத்திருந்த என் அப்பா, "நாலு எழுத்து பிரெஞ்சு படிச்சா எங்கேயும் பொழைச்சுக்கலாம்" என்ற நம்பிக்கையில் என்னைப் புதுச்சேரியில் அத்தை வீட்டில் விட்டுப் படிக்க வைத்தார். பிரவே தேறி நான் வெளியே வந்தபோது ஊரில் அலுவலகக் கோப்பெல்லாம் இங்கிலீஷுக்கு மாறியிருந்தது.

இங்கிலீஷ் எங்களுக்கு அந்நிய மொழிப் பாடம். அதையும் பிரெஞ்சு வழியாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் வாத்தியார் கரும்பலகையில் ஒரு பக்கம் இங்கிலீஷ் சொல், மறு பக்கம் பிரெஞ்சுச் சொல், நடுவில் சமக்குறி போடுவார். "லீவ்" என்ற சொல்லுக்கு நேரே "கித்தே" என்று எழுதிப் போட்டது இன்றும் கண்ணில் நிற்கிறது. கித்தே என்றால் ஒன்றை விட்டு நீங்குவது, கைவிடுவது. பிரெஞ்சில் இதற்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு. கிளம்புவதற்குப் "பர்த்திர்". ஓரிடத்தையோ ஆளையோ விட்டு நீங்குவதற்குக் "கித்தே". ஒரு பொருளை இருக்கும் இடத்திலேயே விட்டுவைப்பதற்கு "லெஸ்ஸே". குடையை மறந்து கடையில் வைத்துவிட்டு வந்தால் அது லெஸ்ஸே. யாரும் குடையைக் கித்தே செய்வதில்லை. மூன்று வேலைக்கு மூன்று ஆள். இங்கிலீஷ்காரன் மூன்று பேர் வேலையையும் ஒரே ஆள் தலையில் கட்டியிருக்கிறான் என்பதை வாத்தியார் சொல்லவில்லை. அவருக்கும் ஒரு பாட வேளையில் இருபது சொல் முடிக்க வேண்டியிருந்தது.

1971-ல் கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்தேன். முதல் வாரத்திலேயே லீவ் என்ற சொல் வேறொரு வேஷத்தில் எதிரே வந்து நின்றது. இப்போது அது பெயர்ச்சொல். கோப்பு கோப்பாக லீவ். அடுத்த வருஷம் மத்திய அரசின் 1972-ஆம் ஆண்டு விடுப்பு விதிகள் வந்தன. அதைப் பிரித்துப் பார்த்த எனக்கு மயக்கமே வந்தது. ஏர்ண்டு லீவ், சம்பாதித்தது, சரி. ஹாஃப் பே லீவ், அரைச் சம்பளம், சரி. "லீவ் நாட் ட்யூ" என்று ஒன்று. கணக்கில் இல்லாத விடுப்பு. இல்லாததை எப்படிக் கொடுப்பார்கள் என்று கேட்டேன். பக்கத்து மேஜைக்காரர், "அது கைமாத்து வாங்கற மாதிரி தம்பி. இப்ப எடுத்துக்க, பின்னால சேர்ற அரைச் சம்பள லீவுல கழிச்சிக்குவாங்க" என்றார். "எக்ஸ்ட்ரா ஆர்டினரி லீவ்" என்பதைப் பார்த்து ஏதோ மகா சிறப்பான விடுப்பு என்று நினைத்துவிட்டேன். பிரெஞ்சில் ஒருவர் சமையலை அந்தச் சொல்லால்தான் புகழ்வோம். விசாரித்ததில் அது சம்பளமே இல்லாத விடுப்பு! எல்லாவற்றிலும் வேடிக்கை கேஷுவல் லீவ். எல்லாரும் எடுப்பது அதைத்தான். ஆனால் விதிப்படி அது லீவே கிடையாது, அன்று நாம் வேலையில் இருப்பதாகத்தான் கணக்கு.

இந்தப் பெயர்ச்சொல் லீவும் முன்னே சொன்ன வினைச்சொல் லீவும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரிந்தது ஓய்வுபெற்ற பிறகுதான். எழுத்தும் ஒன்று, உச்சரிப்பும் ஒன்று, ஆனால் பூர்வீகம் வேறு. ஒரே பெயர் கொண்ட இரண்டு பேர், அவ்வளவுதான். வினைச்சொல்லின் பழைய பொருள், இருக்கும்படி விட்டுவைப்பது. சொத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்வதும் அதில் அடக்கம். கிளம்பிப் போவது என்பது பின்னால் ஒட்டிக்கொண்டது. பெயர்ச்சொல்லின் பழைய பொருளோ அனுமதி. ஆங்கிலத்தில் அன்பைக் குறிக்கும் "லவ்" என்ற சொல்லுக்குக்கூட அது தூரத்துச் சொந்தம். லீவ் கேட்டு நிற்கும்போது மேலதிகாரி முகத்தில் அந்த உறவு ஒன்றும் தெரிவதில்லை என்பது வேறு விஷயம்.

அனுமதி என்று தெரிந்துகொண்டால் பல முடிச்சுகள் தானாக அவிழும். விடுப்பை உரிமையாகக் கோர முடியாது என்று நம் விதிகளில் இருக்கிறதே, அது வேறொன்றுமில்லை, அனுமதியை யாரும் உரிமையாகக் கேட்க முடியாது என்பதுதான். உச்ச நீதிமன்றத்தில் 136-ஆவது பிரிவின் கீழ் போடும் "ஸ்பெஷல் லீவ் பெட்டிஷன்" கூட அப்படித்தான். மேல்முறையீடு செய்யச் சிறப்பு அனுமதி கேட்கும் மனு அது. ஒருமுறை ஒரு செய்தியில் அதைச் "சிறப்பு விடுப்பு மனு" என்று படித்தேன். நீதிபதிகள் லீவு போடுகிறார்கள் என்று எத்தனை பேர் நினைத்தார்களோ.

பிரெஞ்சிலும் இந்தக் கதை உண்டு. விடுப்புக்கு அவர்கள் சொல் "கொன்ழே". போய்வர அனுமதி என்பதுதான் அதன் அடி. கொன்ழேயில் இருக்கிறேன் என்றால் விடுப்பில் இருக்கிறேன். கொன்ழே எடுத்துக்கொள்கிறேன் என்றால் சொல்லிக்கொண்டு புறப்படுகிறேன். ஒருவருக்குக் கொன்ழே கொடுத்தார்கள் என்றால் வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள்! நம் ஊர் சொல்தா தாத்தாக்கள் ராணுவ விடுப்பைப் "பெர்மிஸ்ஸியோன்" என்றுதான் சொல்வார்கள். அதுவும் அனுமதிதான்.

நம் தமிழ் மட்டும் என்னவாம். என் பாட்டி காலத்தில் பெரியவர்களிடம் "உத்தரவு வாங்கிக்கறேன்" என்று சொல்லித்தான் புறப்படுவார்கள். ஆர்டர் போட்டாலும் உத்தரவு, அனுமதி கொடுத்தாலும் உத்தரவு, கிளம்புகிறேன் என்பதும் உத்தரவு. விடை என்றால் கேள்விக்குப் பதில், விடைபெறுவது என்றால் புறப்படுவது. "விடு" என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சு விடுகிறோம், பட்டம் விடுகிறோம், ரீல் விடுகிறோம், கூடுதல் பஸ் விடுகிறார்கள், குடியை விடச் சொல்கிறார்கள், காரில் கொண்டுபோய் விடுகிறார்கள். மழை விட்டது என்றால் நின்றது. தண்ணீர் விட்டார்கள் என்றால் ஓட ஆரம்பித்தது. இந்தக் கட்டுரையின் முதல் பத்தியில் "பள்ளிக்கூடம் விட்டு" என்று நானே எழுதியிருக்கிறேன், உங்களில் யாராவது தடுக்கி விழுந்தீர்களா? தாய்மொழியில் பள்ளமே தெரிவதில்லை, கால் தானாகத் தாண்டிவிடுகிறது. அதனால் இங்கிலீஷ் ஒரு கிறுக்கு மொழி என்று சிரிக்கிறார்களே, அந்தக் கட்சியில் நான் இல்லை.

என் கதைக்கு வருகிறேன். 1974. அலுவலகத்தில் எங்கள் பிரிவுக்குச் சூப்பரிண்டெண்டென்டாக இருந்தவர் கேரளத்திலிருந்து வந்தவர். தமிழ் அவ்வளவாக வராது. எனக்கு மலையாளம் சுத்தமாக வராது. அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆகவே எங்களுக்குள் பேச்சு முழுக்க இங்கிலீஷில்தான். அதிலும் அவர் பேசும் இங்கிலீஷ் மிகச் சிக்கனமானது. தந்தி அடிப்பவர் போலச் சொல்லை எண்ணி எண்ணிச் செலவழிப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காரைக்காலிலிருந்து அக்காவின் இன்லண்டு லெட்டர் வந்தது. அப்பாவுக்கு நாலு நாளாகக் காய்ச்சல், மூச்சு வாங்குகிறது, டாக்டர் பார்த்துவிட்டுப் போனார், பயப்பட வேண்டாம், முடிந்தால் ரெண்டு நாள் வந்து போ. கடைசியில், "உன்னை ரெண்டு தரம் கேட்டார்" என்று ஒரு வரி.

அந்த வருஷத்துக் கேஷுவல் லீவை நான் முன்பே தீர்த்திருந்தேன். ஆகவே ஐந்து நாள் ஏர்ண்டு லீவுக்கு உரிய படிவத்தில் எழுதி, அதற்கு முன்னும் பின்னும் வரும் விடுமுறை நாட்களைச் சேர்த்துக்கொள்ள அனுமதி கேட்டு, புதன்கிழமை காலை அவர் மேஜைக்குக் கொண்டுபோனேன். தணிக்கை நடந்துகொண்டிருந்த சமயம். மேஜை மேல் மலைபோல் ரிஜிஸ்டர்கள். எதிரே தணிக்கைக்காரர் ஒருவர் உட்கார்ந்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். நான் தாளை நீட்டினேன். "சார், மை ஃபாதர் இஸ் நாட் வெல்" என்றேன். அவர் தலையைத் தூக்கவில்லை. இடது கையால் காற்றில் ஒரு தட்டு தட்டினார்.

"லீவ் இட்" என்றார்.

அந்த இரண்டு சொல் என் காதில் எப்படி விழுந்தது என்று இப்போது விளக்க முடியும். கரும்பலகையில் சமக்குறிக்கு அந்தப் பக்கம் இருந்தது கித்தே. கைவிடு. தமிழிலும் மனசு அதே பக்கம்தான் போயிற்று. விடு, விட்டுத் தள்ளு, இப்போது அதெல்லாம் பேசாதே. தணிக்கை நேரத்தில் யாருக்கும் விடுப்பு இல்லை என்று முந்தின வாரம் வாய்மொழியாக ஒரு பேச்சும் இருந்தது. எல்லாம் சேர்ந்து ஒரே பொருளைத்தான் கொடுத்தன. நான் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என் இடத்துக்கு வந்துவிட்டேன். மேலும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை என்பது ஒன்று. கேட்பதற்கு இங்கிலீஷ் வாயில் வரவில்லை என்பது இன்னொன்று. சனி, ஞாயிறில் போய்க்கொள்ளலாம் என்று அக்காவுக்குக் கார்டு போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை தந்தி வந்தது. அதில் புரியாத சொல் எதுவும் இல்லை.

கடலூர், சிதம்பரம், சீர்காழி என்று பஸ் மாறி நான் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல். அப்பா அன்று விடியற்காலையிலேயே போய்விட்டிருந்தார். எனக்காகத்தான் எடுக்காமல் வைத்திருந்தார்கள்.

காரியங்கள் முடிந்து திரும்பி வந்த அன்று சூப்பரிண்டெண்டென்ட் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். வருத்தம் தெரிவித்தார். பிறகு கேட்டார், அன்றைக்கு ஏன் தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாய்? "ஐ டோல்ட் யூ டு லீவ் இட்." மேஜை மேல் வைத்துவிட்டுப் போகச் சொன்னேன், சாப்பாட்டு வேளைக்குள் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்றார்.

அவர் அன்று அந்தப் பொருளில்தான் சொன்னாரா, அல்லது நடந்தது நடந்த பிறகு இரக்கப்பட்டு அப்படிச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவரும் இப்போது இல்லை. இரண்டும் சாத்தியம். அந்தச் சொல் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. நான் அவர் மேல் கோபப்படவில்லை. கொஞ்ச காலம் வாத்தியார் மேல் கோபமாக இருந்தேன், அதுவும் நியாயமில்லை. அந்தத் தாள் என் டிரங்குப் பெட்டியில் ரொம்ப நாள் இருந்தது. 2011 டிசம்பரில் வந்த தானே புயலில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து பெட்டி நனைந்தபோது மற்ற தாள்களோடு அதுவும் போயிற்று.

"லீவ் இட் ஹியர்." ஒரு "ஹியர்" போட்டிருந்தால் போதும். நான் இந்த ஐம்பது வருஷமாகத் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் இதுதான். பலபொருள் சொல்லைக் கற்பவன்தான் எல்லாப் பொருளையும் மனப்பாடம் செய்துகொண்டு வர வேண்டும், சொல்பவருக்கோ கேள்வி கேட்பவருக்கோ எந்தப் பொறுப்பும் இல்லை என்று நாம் வைத்திருக்கிறோம். அது தவறு. மொழி நன்றாகத் தெரிந்தவருக்கு இன்னொரு சொல் போடுவது பெரிய செலவில்லை. தெரியாதவன்தான் அதற்கு விலை கொடுக்கிறான்.

என் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், இதை ஒத்துக்கொள்ள மாட்டார். "அப்படித் தடவிக் கொடுத்தா பிள்ளைங்க எப்பய்யா கத்துக்கும்? அகராதிய எடுத்துப் படிக்கட்டும்" என்பார். அகராதியை நானும் மதிக்கிறவன். ஆனால் ஆக்ஸ்ஃபோர்ட் பேரகராதிக்காரர்கள் "ரன்" என்ற வினைச்சொல் ஒன்றுக்கு மட்டும் 645 பொருள் பிரித்திருக்கிறார்கள். எந்தப் பிள்ளை அதை மனப்பாடம் செய்யும்? பொருளைப் பட்டியலாகக் கற்றால் தேவைப்படும் நேரத்தில் பட்டியலின் முதல் வரிதான் வாயில் வரும், எனக்குக் கித்தே வந்த மாதிரி. அவர் கட்சியிலும் ஒரு நியாயம் இருக்கிறது. உலகம் எப்போதும் தெளிவாகப் பேசாது, ஆகவே பிள்ளைகள் குழப்பத்தையும் ஒரு நாள் சந்தித்துத்தான் ஆக வேண்டும். சந்திக்கட்டும். இங்கிலீஷ் பாடத்தில் சந்திக்கட்டும். கணக்குப் பாடத்தில் எதற்கு?

சொல்லை அதன் கூட்டாளிகளோடு சேர்த்துத்தான் காட்ட வேண்டும் என்பது என் கருத்து. "ஹி லெஃப்ட் ஹிஸ் வைஃப்" என்றால் மனைவியைக் கைவிட்டுப் போனவன், அயோக்கியன். "ஹி லெஃப்ட் ஹிஸ் வைஃப் எ ஹவுஸ்" என்றால் மனைவி பேரில் வீட்டை எழுதிவைத்துவிட்டுச் செத்தவன், புண்ணியவான். "ஹி லெஃப்ட் ஹிஸ் வைஃப் அட் ஹோம்" என்றால் கடைத்தெருவுக்குத் தனியாகப் போயிருக்கிறான், அவ்வளவுதான். இந்த மூன்று வாக்கியத்தையும் அடுத்தடுத்துச் சொன்னால் எந்த வகுப்பும் சிரிக்கும். சிரித்த பிள்ளை மறக்காது. சமக்குறி போட்டுச் சொன்னதை நான் மறக்கவில்லை என்பதும் உண்மைதான், ஆனால் தப்பாக அல்லவா நினைவிருந்தது.

ஊர்ப் பெயரோடு வந்தாலும் இதே கூத்துதான். "லீவிங் மெட்ராஸ்" என்றால் மெட்ராஸை விட்டுப் புறப்படுகிறேன். "லீவிங் ஃபார் மெட்ராஸ்" என்றால் மெட்ராஸுக்குப் புறப்படுகிறேன். தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு. எங்கள் தெருப் பையன் ஒருவன் பம்பாயிலிருந்து ஊருக்கு வரும்போது காசை மிச்சம் பிடிக்க அந்த "ஃபார்" என்பதை விட்டுவிட்டுத் தந்தி அடித்தான். மெட்ராஸிலிருந்து கிளம்பிவிட்டான் என்று வீட்டார் வெள்ளிக்கிழமை இரவு முழுக்கப் பஸ் ஸ்டாண்டில் கொசுக்கடியில் நின்றார்கள். அவன் ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாக வந்து சேர்ந்தான். 2013-ல் தந்தியையே மூடிவிட்டார்கள், இப்போது வாட்ஸப்பில் எத்தனை சொல் போட்டாலும் காசில்லை. ஆனாலும் பிள்ளைகள் அதைவிடச் சிக்கனமாகத்தான் எழுதுகிறார்கள்.

இன்னொரு கசப்பான சிரிப்பும் இந்தச் சொல்லில் எனக்கு உண்டு. சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வராதவனை இங்கிலீஷில் "ஃப்ரெஞ்ச் லீவ்" எடுத்தவன் என்பார்கள். எங்கள் அலுவலகத்தில் யார் அப்படிக் காணாமல் போனாலும் எல்லாக் கண்ணும் என் பக்கம் திரும்பும், ஏதோ நான் பாரிஸிலிருந்து அந்தப் பழக்கத்தை இறக்குமதி செய்தவன் போல. ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் சொன்னேன், பிரெஞ்சுக்காரன் இதே காரியத்தை "ஃபிலே ஆ லாங்கிலேஸ்" என்கிறான், அதாவது இங்கிலீஷ்காரன் பாணியில் நழுவுவது. அதற்குப் பிறகு கேலி குறைந்தது.

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறியிருக்கின்றன. தனியார் பள்ளிகளைச் சொல்லவே வேண்டாம், எல்லாம் இங்கிலீஷ். மீனவக் குப்பங்களிலிருந்தும், வீட்டில் இங்கிலீஷ் வாசனையே இல்லாத தெருக்களிலிருந்தும் பிள்ளைகள் வந்து அதே மரத்தில் அதே பத்துப் பறவையை எண்ணப் போகிறார்கள். என் பேத்திக்காவது வீட்டில் கேட்க ஒரு தாத்தா இருக்கிறேன். தப்புக் குறியைப் பார்த்துவிட்டுத் தனக்குக் கணக்கே வராது என்று ஒரு பிள்ளை முடிவுகட்டிக்கொண்டால், அந்த முடிவை யார் வந்து அழிப்பார்கள்? கணக்குத் தாளில் கேள்வி எழுதும்போது "ஃபோர் ஃப்ளூ அவே" என்று எழுதினால் பறவைகள் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. விடை தப்பாக வந்தால் தப்புக் குறி போடுவதற்கு முன் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுத் தமிழில் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். ஆறு என்று சொன்னால், விழுந்தது எங்கே என்று தெரிந்துவிடும்.

நான் மறுநாள் பள்ளிக்குப் போனேன். மருமகள் வேண்டாம் என்றாள், "பிள்ளைய டார்கெட் பண்ணுவாங்க மாமா" என்று பயந்தாள். இருந்தாலும் போனேன். டீச்சர் சின்னப் பெண், இருபத்தைந்து வயதிருக்கலாம். நாற்பது நோட்டு திருத்த வேண்டியிருந்ததாம். நான் பறவைக் கணக்கைக் காட்டியதும் முதலில் கொஞ்சம் விறைத்துக்கொண்டாள். "ஸ்டாண்டர்ட் குவெஸ்டின்தான் சார், புக்ல இருக்கிறது" என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, மேஜையிலிருந்த மற்ற நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தாள். பதினோரு பேர் 4 என்று எழுதியிருந்தார்கள்.

"நான் கவனிக்கலையே சார்" என்றாள். மார்க் மாற்ற முடியாது, ஏற்கெனவே ஏற்றியாகிவிட்டது, ஆனால் திங்கட்கிழமை வகுப்பில் இதை எடுத்துச் சொல்கிறேன் என்றாள். நான் பையிலிருந்த தாளை எடுத்தேன், மனைவியும் வீடும் வரும் அந்த மூன்று வாக்கியம். மூன்றாம் வகுப்புக்கு மனைவியைக் கைவிட்டவன் கதை வேண்டாம் என்று, மனைவிக்குப் பதில் நாய்க்குட்டி என்று மாற்றி எழுதி வைத்திருந்தேன்.

அவள் நோட்டுகளை அடுக்கிக்கொண்டே, "லீவ் இட் சார்" என்றாள்.

"இங்கேயா?" என்று கேட்டேன்.

"ஆமா சார், டேபிள் மேல வச்சிட்டுப் போங்க."